கையடக்க விளையாட்டும் கைவிட்டுப்போகும் சேமிப்பும்



பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியிற் பேச வந்தால் பரீட்சையைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ பேசுவார் என்றே எதிர்பார்ப்பீர்கள். இன்று யான் எடுத்துக்கொண்ட பொருளோ கைத்தொலைபேசியிற் பிள்ளைகள் ஆடும் விளையாட்டு. அதனைக் கண்டிக்கப் போகிறார் என்று பெற்றோர் மகிழவும் வேண்டா. புகழப் போகிறார் என்று பிள்ளைகள் துள்ளவும் வேண்டா. மயிலிட்டிப் பக்கத்து மாணவர் என்னிடம் கேட்கும் இரண்டு வினாக்களுக்கு விடை சொல்லுதலே என் நோக்கம். "சேர், நாற்பது மணித்தியாலம் ஆடினது அப்படியே காணாமற் போச்சு, திரும்ப எடுக்கலாமா?" என்பது ஒன்று. "சேர், இப்படி ஆடுறது களவோ?" என்பது மற்றொன்று. முன்னது பொறியியலைச் சார்ந்தது, பின்னது சட்டத்தைச் சார்ந்தது. எனினும் இரண்டிற்கும் திறவுகோல் ஒன்றே என்பதைப் போகப்போகக் காண்பீர்கள்.

கையில் ஏந்தி ஆடும் இயந்திரங்களுட் பெரும்புகழ் பெற்றது கேம் போய் என்பது. யப்பானிலே கியோத்தோ நகரத்தைச் சேர்ந்த நின்ரெண்டோ நிறுவனம் 1989ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அதனை விற்பனைக்கு விட்டது. சாம்பல் நிறப் பெட்டி. நான்கு சிறிய பற்றரிகளால் இயங்குவது. ஆட்டங்கள் தனித்தனிக் கசெற்றுகளாக வரும். அதுவும் அதன் வண்ணத்திரைத் தம்பியும் சேர்ந்து 118 மில்லியனுக்கு மேல் விற்பனையாயின. பின்னர் 2001இற் கேம் போய் அட்வான்ஸ், 2004இல் நின்ரெண்டோ டி.எஸ்., அவ்வாண்டின் இறுதியிற் சோனி நிறுவனத்தின் பிளேஸ்ரேசன் போர்ட்டபிள், அதாவது பி.எஸ்.பி., என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

அந்தத் தொண்ணூறுகளில் யாழ்ப்பாணக் குடாநாடு இருந்த நிலையை நேயர்கட்கு யான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. மின்சாரம் இல்லை. பற்றரியோ வடக்கே கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பண்டங்களுள் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி, இதே வானொலியைக் கேட்டவர்கள் நாம். ஜாம் போத்தல் விளக்கிற் படித்தவர்கள். மயிலிட்டி மக்களோ 1990 யூன் மாதத்தில் ஊரையே விட்டுப் புறப்பட்டவர்கள். நான்கு பற்றரிகளை விழுங்கும் விளையாட்டுப் பெட்டியை அவர்கள் எங்கே கண்டார்கள்! ஆயின் அதே ஆண்டுகளில் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் குடியேறிய நம்மவரின் பிள்ளைகள் அதனை ஆடி வளர்ந்தார்கள். 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதனை அடுத்த நிலத்திற் சிறிதும் விடுவிக்கப்பட்டன. அதன்பின் ஊர் பார்க்க வரும் உறவினரின் பயணப்பெட்டிகளில் அந்தப் பழைய பெட்டிகளும் கசெற்றுகளும் வந்து சேர்கின்றன. "மருமகனுக்கு" என்று மாமன்மார் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பெட்டி கிடையாத பிள்ளைகளோ அதே ஆட்டங்களைக் கைத்தொலைபேசியிலே ஆடுகிறார்கள். அதற்குத் துணைசெய்வது எமுலேற்றர் என்னும் மென்பொருள்.

எமுலேற்றர் என்பது யாது? கூத்திலே ஒருவன் அரச வேடம் பூண்டு அரசனாகவே நடப்பதுபோல, ஓர் இயந்திரம் மற்றோர் இயந்திரத்தின் வேடம் பூண்டு நடப்பதற்கு உதவும் மென்பொருளே அது. கேம் போய்க்கென எழுதப்பெற்ற கட்டளைகளைத் தொலைபேசி நேராகப் புரிந்துகொள்ளாது. எமுலேற்றர் ஒவ்வொரு கட்டளையாகப் படித்து, "இந்தக் கட்டளைக்கு அந்தப் பெட்டி என்ன செய்திருக்கும்?" என்று அறிந்து, அதனையே செய்து காட்டும்.

இங்கே மூன்று பொருள்களைப் பிரித்தறிதல் வேண்டும். வகுப்பறை ஒன்றை மனத்திற் கொள்க. மேசையும் கதிரையும் கரும்பலகையும் உள்ள அறை, இயந்திரம். அச்சிட்ட பாடநூல், கசெற்றினுள் மாற்றமுடியாதபடி பதிந்துள்ள ஆட்டம். அதனை ரொம் என்பர். மாணவன் தன் கைப்பட எழுதும் கொப்பியே சேமிப்பு. எந்தக் கட்டத்தில் நிற்கிறான், எத்தனை உயிர் மிஞ்சியிருக்கிறது, யாரை வென்றான் என்பனவெல்லாம் அந்தக் கொப்பியில் எழுதப்படுவன. பாடநூல் தொலைந்தால் வேறொன்று பெறலாம். கொப்பி தொலைந்தால் அதற்கு ஈடு உலகில் எங்கும் இல்லை. ஆயினும் பிள்ளைகள் பாடநூலை மூன்று இடத்தில் வைத்திருப்பார்கள். கொப்பி எங்கே இருக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள்.

சேமிப்புக் கைவிட்டுப்போகும் வழிகளுள் முதன்மையானது இது. எமுலேற்றரிலே இருவகைச் சேமிப்பு உண்டு. ஆட்டத்தின் உள்ளே சென்று, ஆட்டமே தரும் பட்டியலிற் சேமிப்பது ஒன்று, இதுதான் கொப்பி. எந்தக் கணத்திலும் எமுலேற்றரின் பொத்தானை அழுத்திச் சேமிப்பது மற்றொன்று. இதனைக் கணநிலைச் சேமிப்பு என்று யான் சொல்வது வழக்கம். வகுப்பறை முழுவதையும் ஒரு நிழற்படம் பிடித்து, வேண்டும்போது அப்படத்தின்படியே மேசை, கரும்பலகை, கொப்பி அனைத்தையும் பழையபடி அடுக்கிவிடுதலை அஃது ஒக்கும். அடுக்கும்போது கொப்பியும் பழைய கொப்பியாகிவிடும் என்பதைக் கவனியுங்கள். திங்கட்கிழமை ஒரு கணநிலைச் சேமிப்பு வைத்தான் ஒருவன். வெள்ளி வரை ஆடி ஆட்டத்தினுள்ளே ஒழுங்காகச் சேமித்தான். சனியன்று தெரியாமல் திங்கட்கிழமைப் படத்தைத் திறந்தான். செவ்வாய் முதல் வெள்ளி வரை எழுதியவை கொப்பியிலிருந்து மறைந்துவிடும். இதிற் பேயும் இல்லை, தொலைபேசியிற் கோளாறும் இல்லை. அன்றியும் கணநிலைச் சேமிப்பு, அதனைப் படைத்த எமுலேற்றருக்கே உரியது. வேறோர் எமுலேற்றர் அதனைத் திறக்காது. சிலவேளை அதே எமுலேற்றரின் புதிய பதிப்பும் திறக்க மறுக்கும். ஆதலின் அதனை இடர் வரும் கட்டத்திற்கு முன் ஓர் ஊன்றுகோலாகக் கொள்ளலாமேயன்றி வீடாகக் கொள்ளலாகாது. ஒவ்வொரு நாளும் ஆட்டத்தினுள்ளே சேமிக்கவேண்டும்.

இரண்டாவது வழி, பெயர் மாறுதல். எமுலேற்றர் கொப்பியை அடையாளம் காண்பது பெயரைக் கொண்டே. ஆட்டக் கோப்பிற்கு என்ன பெயரோ அதே பெயரில், கடைசி மூன்றெழுத்து மட்டும் எஸ்.ஏ.வி. என்றோ எஸ்.ஆர்.எம். என்றோ முடியும் கோப்பே சேமிப்பு. ஆட்டக் கோப்பின் பெயர் நீளமாக இருக்கிறதென்று பிள்ளை அதனைச் சுருக்கிவிட்டால், எமுலேற்றர் பழைய கொப்பியைக் காணாது, புதிய வெற்றுக் கொப்பி ஒன்றைத் திறந்துகொள்ளும். பழையது அழியவில்லை, பெயர் தெரியாமற் பக்கத்திலே கிடக்கிறது. பெயரைப் பழையபடி ஆக்கினால் எல்லாம் மீளும். எஸ்.ஆர்.எம். என்று முடியும் கோப்பை எஸ்.ஏ.வி. என்று மாற்றினாற் பெரும்பாலும் மற்ற எமுலேற்றரும் ஏற்றுக்கொள்ளும். பி.எஸ்.பி. ஆட்டங்களிற் சேமிப்புகள் ஆட்டத்தின் இலக்கத்தைப் பெயராகக் கொண்ட சிறு கோப்புறைகளில் இருக்கும். அமெரிக்கப் பதிப்பிற்கு ஓர் இலக்கம், ஐரோப்பியப் பதிப்பிற்கு வேறோர் இலக்கம். பாரிசிலிருந்து அத்தான் அனுப்பிய சேமிப்பை இங்குள்ள அமெரிக்கப் பதிப்புக் கண்டுகொள்ளாமைக்குக் காரணம் அதுவே.

கேம் போய் அட்வான்ஸ் ஆட்டங்களில் இன்னொரு நுட்பம் உண்டு. அக்கசெற்றுகளுட் கொப்பியின் பருமன் எல்லாவற்றிற்கும் ஒன்றன்று. சிலவற்றில் 512 பைற், சிலவற்றில் 8 கிலோபைற், சிலவற்றில் 32, சிலவற்றில் 64, போக்கிமொன் போன்ற பெரிய ஆட்டங்களில் 128 கிலோபைற். பழைய எமுலேற்றர் சில, கேளாமலே 64 என்று வைத்துக்கொள்ளும். அப்போது போக்கிமொன் ஆட்டத்திற் சேமிக்கப்போனால், "1 எம் துணைச்சுற்றுப் பலகை பொருத்தப்படவில்லை" என்னும் பொருளில் ஓர் ஆங்கில வாசகம் தோன்றிப் பிள்ளையைத் திகைக்கவைக்கும். 1 எம் என்பது ஒரு மெகாபிற். எட்டாற் பிரித்தால் 128 கிலோபைற். தான் எதிர்பார்த்த பருமனிற் கொப்பி இல்லையென்றே ஆட்டம் முறையிடுகிறது. அமைப்புப் பட்டியலிற் சேமிப்பு வகையைப் பிளாஷ் 128 என்று மாற்றினால் முறைப்பாடு தீரும். இதற்காக ஆட்டத்தையே அழித்துவிட்டுப் புதிதாகத் தேடுவோர் பலர்.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். சில எமுலேற்றர்கள், ஆட்டம் சேமித்ததை உடனே தொலைபேசியின் நினைவகத்தில் எழுதா. ஆட்டத்தை முறைப்படி மூடும்போதே எழுதும். "சேமித்தாயிற்று" என்று திரை சொன்னதும், அம்மா கூப்பிட்டாள் என்று செயலியை விரலால் தள்ளி எறிந்தால், எழுதப்படாமலே போகலாம். இனி, செயலியை நீக்கினால் அதன் சொந்தக் கோப்புறையும் அதனுடன் போம். 2020இல் வந்த அண்ட்ரொயிட் 11 முதல் செயலிகள் தத்தம் அறைக்குள்ளேயே பொருள்களை வைக்குமாறு கட்டுப்பாடு மிகுந்தது. பி.பி.எஸ்.எஸ்.பி.பி. என்னும் பி.எஸ்.பி. எமுலேற்றர் முதன்முறை திறக்கும்போதே "சேமிப்பை எங்கே வைக்கலாம்?" என்று கேட்பதற்குக் காரணம் இதுவே. அந்த வினாவைப் படியாமல் அழுத்திவிட்டுப் போவோரே பின்னர் என் அறைக்கு வருகின்றனர். நீங்களே தெரிந்தெடுத்த கோப்புறை ஒன்றைக் காட்டுங்கள். வாரத்திற்கு ஒருமுறை அதனை வேறிடத்திற் படியெடுத்து வையுங்கள். ஒரு கேம் போய்ச் சேமிப்பு 32 கிலோபைற் அளவே. ஒரு நிழற்படத்தினும் மிகச் சிறிது.

இனிச் சட்டத்திற்கு வருவோம். அறை, பாடநூல், கொப்பி என்ற பகுப்பு இங்கே மீண்டும் உதவுகிறது.

அறையைப்போல் இன்னோர் அறை கட்டுதல் குற்றமன்று. சோனியின் பிளேஸ்ரேசன் ஆட்டங்களை மக்கின்டொஷ் கணினியில் ஆடுவிக்கும் மென்பொருளை ஐக்கிய அமெரிக்காவிற் கொனெக்ரிக்ஸ் நிறுவனம் 1999இல் வெளியிட்டபோது, சோனி வழக்குத் தொடுத்தது. 2000 பெப்ரவரியில் ஒன்பதாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் கொனெக்ரிக்ஸின் பக்கம் நின்றது. இயந்திரம் எவ்வாறு நடக்கிறது என்று அறிவதற்காக அதன் உள்மென்பொருளைப் படியெடுத்து ஆராய்ந்தமை நியாயமான பயன்பாடே எனக் கண்டது. அந்தத் தீர்ப்பு நம் நாட்டு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாதெனினும், உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. 2024 ஏப்பிரலில் அப்பிள் நிறுவனமும் தன் செயலிக் கடையிற் பழைய விளையாட்டு எமுலேற்றர்களுக்கு இடமளித்தது. அதே ஆண்டிலேதான் யுசு என்னும் எமுலேற்றரை ஆக்கியோர்மீது நின்ரெண்டோ வழக்குத் தொடுத்து, மார்ச் மாதத்தில் 2.4 மில்லியன் டொலர் கொடுக்க அவர்கள் இணங்கி, வேலையையும் நிறுத்தினர். இரண்டும் முரண்போலத் தோன்றும். ஆயின் யுசு நடித்தது, அன்றும் விற்பனையிலிருந்த சுவிட்ச் இயந்திரத்தை. அதன் ஆட்டங்கள் மறைமொழிப் பூட்டிடப்பட்டவை. நின்ரெண்டோவின் குற்றச்சாட்டு அந்தப் பூட்டுடைப்பைப் பற்றியது. அன்றியும் அவ்வழக்கு இணக்கத்தில் முடிந்ததேயன்றி, எமுலேற்றர் தவறு என்று வாதப் பிரதிவாதம் கேட்டு நீதிபதி எவரும் முடிவு கூறவில்லை.

பாடநூலின் நிலை வேறு. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கணினி நிகழ்ச்சித்திட்டங்களுக்கு நூல்களைப்போலவே பதிப்புரிமைக் காப்பு அளிக்கிறது. தன் சொந்தப் பயனுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்ற பொதுச் சலுகை கணினி நிகழ்ச்சித்திட்டத்திற்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் அதற்கெனத் தனி ஏற்பாடு உண்டு. ஒரு பிரதியைச் சட்டப்படி உடையவர், அதனைப் பாதுகாத்து வைப்பதற்கும், மூலம் தொலைந்தாலோ அழிந்தாலோ பயன்படாது போனாலோ அதன் இடத்தில் வைப்பதற்கும் ஒரே ஒரு பிரதி எடுக்கலாம். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும், 52ஆம் பிரிவில், இதையொத்த ஏற்பாடு இருக்கிறது. எனவே மாமன் தந்த கசெற் உங்கள் கையில் இருக்கையில், அதிலிருந்து நீங்களே எடுத்த ஒரு பிரதி இந்த ஏற்பாட்டின் நிழலில் நிற்கும் என்றே யான் கருதுகிறேன். கசெற்றை இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் பிரதியை வைத்திருத்தலோ, பத்து நண்பருக்குப் பகிர்தலோ அந்த நிழலில் நில்லா.

கசெற்றே இல்லாமல் எங்கோ ஒருவன் ஏற்றிவைத்ததை இறக்கிக்கொள்வது? மாணவர் இங்கே இரண்டு கதைகள் சொல்வார்கள். 24 மணித்தியாலத்தில் அழித்துவிட்டாற் குற்றமில்லை என்பது ஒன்று. யான் அறிந்த எந்த நாட்டுச் சட்டத்திலும் அத்தகைய ஏற்பாடு இல்லை. யாரோ ஒருவர் தம் மனச்சாட்சிக்குச் சொல்லிக்கொண்ட ஆறுதல் அது. பழைய ஆட்டம் எல்லார்க்கும் பொது என்பது மற்றொன்று. நம் சட்டத்திற் பதிப்புரிமை பொதுவாக ஆக்கியோன் வாழ்நாளும் அதன்மேல் 70 ஆண்டும் நிற்பது. 1989இல் வந்த பெட்டியின் ஆட்டத்திற்கு இன்னும் எவ்வளவோ காலம் உண்டு. "களவோ?" என்று கேட்ட மாணவனுக்கு, "ஆம், அந்தப் பகுதி உரிமையாளர் இசைவில்லாத பிரதிதான்" என்றே விடையிறுத்தேன். சிலவேளை எமுலேற்றர் கேட்கும் பயோஸ் என்னும் சிறு கோப்பும் நிறுவனத்தின் உடைமையே. நல்வினையாக இக்காலத்து எமுலேற்றர் பலவற்றில் அதற்குப் பதிலாகப் புதிதாய் எழுதப்பட்ட மாற்று உள்ளது.

கொப்பியோ உங்களுடையது. அதனைப் படியெடுத்தலையும் வேறிடத்தில் வைத்தலையும் பாடநூலைப் படியெடுத்தலோடு ஒன்றாக எண்ணி அஞ்சவேண்டியதில்லை. நிறுவனத்தின் உடைமையைத் திரும்பத் திரும்ப இறக்கிச் சேர்ப்பவர்கள் தம் சொந்த உழைப்பைப் படியெடுக்க மறந்துபோவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

சட்டம் இவ்வாறிருக்க, நியாயம் முழுவதும் நிறுவனங்களின் பக்கம் என்று சொல்லவும் என்னால் இயலவில்லை. வீடியோ விளையாட்டு வரலாற்று மன்றம் என்னும் அமெரிக்க அமைப்பு 2023 யூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2010இற்கு முன் அந்நாட்டில் வெளிவந்த ஆட்டங்களுள் 87 வீதமானவை இன்று எக்கடையிலும் கிடையா. அதே ஆண்டு மார்ச்சில் நின்ரெண்டோ தன் 3டி.எஸ். கையடக்கப் பெட்டிக்கான இணையக் கடையை மூடியது. விற்கவும் மாட்டார், படியெடுக்கவும் விடார் என்றால் அப்பொருள் யார் கையில் எஞ்சும்? நூலகங்கள் இத்தகைய ஆட்டங்களை ஆய்வாளர்க்குத் தொலைவிலிருந்தே திறந்துவிட இசைவு கேட்டபோது, 2024 ஒக்ரோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887இற் கலித்தொகையை அச்சேற்றியது, செல்லரித்த ஏடுகளை முன்னோர் படிமேற் படியாக எழுதிவைத்தமையால் அல்லவா? விளையாட்டைச் சங்க இலக்கியத்தோடு ஒப்பிடுகிறார் என்று நண்பர் சிலர் நகைப்பர். யான் ஒப்பிடுவது பொருளையன்று, அழியும் முறையை.

அந்த அழிவு பயணப்பெட்டியில் வந்த கசெற்றினுள்ளும் நடந்துகொண்டிருக்கிறது. கேம் போய்க் கசெற்றிலே கொப்பியைக் காப்பது நாணயம் போன்ற ஒரு 3 வோல்ற் பற்றரி. பெட்டியை மூடினாலும் அந்தப் பற்றரியின் துளி மின்சாரமே எழுதியதை மறவாமல் வைத்திருக்கும். 1996இல் யப்பானில் வெளிவந்த போக்கிமொன் முதல் ஆட்டங்களின் பற்றரிகளுள் இன்னும் உயிரோடிருப்பனவும் உள; ஓய்ந்தனவும் உள. 1999இல் வந்த பொன், வெள்ளி என்னும் இரண்டிலும் ஒரு கடிகாரமும் அதே பற்றரியை உண்பதால் அவை விரைவில் ஓய்ந்தன. ஆனால் 2002இல் வந்த மாணிக்கம், நீலம் என்னும் அட்வான்ஸ் ஆட்டங்கள் "பற்றரி வற்றிவிட்டது" என்று அறிவித்தால் அஞ்சவேண்டா. அவற்றில் வற்றியது கடிகாரம் மட்டுமே. கொப்பி மின்சாரம் வேண்டாத பிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது.

பழைய கசெற் கைக்கு வந்தால் மருமகன் செய்யக்கூடாதது ஒன்றுண்டு: புதிய ஆட்டம் தொடங்கிச் சேமித்தல். அந்தப் போக்கிமொன் கசெற்றுகளில் ஒரே ஒரு கொப்பிக்கே இடம். புதியது எழுதினாற் பழையது போயிற்று. பற்றரி பலகையிலே பற்றவைக்கப்பட்டிருப்பதால், அதனைக் கழற்றிய கணமே கொப்பியும் வெறுமையாகும். ஆகவே தொலைபேசி திருத்தும் கடைக்குக் கொண்டுபோகுமுன், கணினியோடு இணைக்கும் கசெற் வாசிப்பான் ஒன்றினாற் சேமிப்பைப் படியெடுத்துக்கொள்க. பழைய கேம் போய்க் கசெற்றுகளில் மறைமொழிப் பூட்டு இல்லையாதலின் இது சில நிமிட வேலை. அதன்பின் புதிய பற்றரியைப் பற்றவைக்கச் செய்து, படியெடுத்த கோப்பை அதே வாசிப்பானாற் கசெற்றில் மீள எழுதுக. பெட்டியிற் செருகி, "தொடர்க" என்னும் முதல் வரியை அழுத்தினால், ரொறன்ரோவில் மாமன் தன் பத்தாவது வயதில் இட்ட பெயரும், அவன் ஆடிய மணித்தியாலக் கணக்கும் திரையில் எழும்.